பானட்டில் நாலு ஓட்டை

பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிற அந்தப் படத்தைப் பற்றி வேலை பழகுகிற நீங்கள் மூன்று பேரும் நேற்று கேட்டீர்கள். சிவப்பு நிறப் பந்தயக் கார், மீன்பிடி வள்ளத்தின் முனை மாதிரி கூர்ந்து முடிகிற வால், உள்ளே சட்டையெல்லாம் எண்ணெய்க் கறையோடு சிரிக்கிற ஒரு பெண். அதையெல்லாம் விட்டுவிட்டு, இஞ்சினை மூடுகிற பானட்டின் பக்கத் தகட்டில் முன் மூலையில் இருக்கிற இரண்டு சின்ன ஓட்டைகள் எதற்கு என்று கேட்டீர்களே, சபாஷ்! கண் இருக்கிறது உங்களுக்கு. படத்தில் தெரியாத அந்தப் பக்கமும் இரண்டு உண்டு. ஆக நாலு. நாலுக்கும் சொந்தக்காரன் நான்தான்.

வேலையிலிருந்து ஓய்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால்தான் காலையில் டீ நேரத்துக்கு இங்கே வந்து உங்கள் உயிரை வாங்குகிறேன். தகடு வெட்டுவதும் மடிப்பதும் தட்டுவதும் மேஸ்திரி சொல்லித்தருவார், அதில் நான் தலையிட மாட்டேன். நான் சொல்ல வந்தது, கை ஒரு தப்பைச் செய்தபிறகு வாய் என்ன செய்கிறது என்பது. அதில் எனக்கு நல்ல அனுபவம்.

டிங்கர் வேலைக்கு நான் வந்தபோது இந்தப் பட்டறையில் லாரி பாடிதான் கட்டினோம். துறைமுகத்துக்குப் போகிற நிலக்கரி லாரி, உப்பு லாரி. ஆனால் எனக்குப் பேர் வாங்கித் தந்தது கருவாட்டு வண்டி. மூடிய வண்டிக்குள் கருவாடு புழுங்கிவிடக்கூடாது, காற்று ஓட வேண்டும். அதற்காகப் பக்கத் தகட்டில் வரிசையாகக் கீறி, ஒவ்வொரு கீறலையும் அச்சில் வைத்து வெளியே புடைக்கத் தட்டுவேன். புடைப்பின் வாய் வண்டியின் முன்பக்கம் பார்த்திருக்கும். வண்டி ஓட ஓட காற்று தானாக உள்ளே நுழையும். பார்க்க மீன் செவுள் மாதிரி இருக்கும், அதனால் பட்டறையில் அதற்குச் செவுள் என்றே பெயர். கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் செவுள் தட்டுவேன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பீற்றல்தான் பின்னால் என்னைப் பிடித்துத் தள்ளியது.

படத்தில் சிரிக்கிற அந்த ரோசலின் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆலந்தலைக்காரி, கப்பலில் இஞ்சினியர். ஒன்பது மாதம் கடலில், இரண்டு மூன்று மாதம் வீட்டில். லீவில் வரும்போதெல்லாம் தூத்துக்குடி வீட்டுக் கொல்லையில் ஓர் இஞ்சினைப் பிரித்து, கழுவி, மறுபடி கோத்துக்கொண்டிருந்தாளாம். கப்பலில் இஞ்சின் பார்த்தது போதாதா என்று வீட்டில் திட்டாத ஆளில்லை. மூன்று லீவுகளில் இஞ்சினும் அதைத் தாங்குகிற சேஸும் தயார். மேலே பாடி இல்லை. ஒரு பழைய புகைப்படத்தின் நகலை என் மேசையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, இது மாதிரி ஒரு பாடி வேணும். அந்தக் காலத்துப் பந்தய வண்டி மாதிரி. இஞ்சின் என் வேலை, மேல உள்ளது உங்க வேலை."

"பழைய வண்டியாம்மா இது?"

"இல்ல அண்ணாச்சி, புதுசா நம்மளே செய்யுதது. பாக்க மட்டும் பழசா இருக்கணும்."

பக்கத்தில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தவர் செய்யது. பட்டறையின் பெயிண்டர், என் வயதுக்காரர், வள்ளங்களுக்கும் லாரிகளுக்கும் பேர் எழுதி எழுதிக் கை பழகிய மனுஷன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன வே இது கூத்து! நாப்பது வருசமா பழசைப் புதுசாக் காட்டிக்கிட்டு இருக்கேன். இப்ப புதுசைப் பழசாக் காட்டணுமாக்கும்!"

வேலை ஆரம்பித்ததும் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். லாரி பாடியில் யார் எதைக் கவனிக்கிறார்கள்? இங்கே ஒவ்வொரு இஞ்சும் கேள்வி கேட்டது. வெளியே தெரிகிற இடத்தில் ஸ்டார் ஸ்க்ரூ ஒன்றுகூட இருக்கக்கூடாது என்றாள், அந்தக் காலத்தில் அது கிடையாதாம். தலையில் ஒற்றைக் கோடு வெட்டிய ஸ்க்ரூவைத் தேடி ஊரிலுள்ள ஹார்டுவேர் கடையெல்லாம் ஏறி இறங்கினேன். பானட்டின்மேல் குறுக்கே போகிற தோல்வாரை பஜாரில் செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லித் தைத்தோம். வாலுக்கு உள்ளே நிற்கிற மர வளையங்களை வள்ளம் கட்டுகிற ஆசாரி ஒருவர் வளைத்துக் கொடுத்தார். கம்பிச் சக்கரம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற புகைக்குழாய், கையகலக் கண்ணாடி. வண்டிக்குப் பந்தய எண் ஏழு. செய்யது அதை எழுத ஸ்கேலை எடுத்தபோது ரோசலின் தடுத்தாள்.

"ஸ்கேல் வேண்டாம். கையால எழுதுங்க. கொஞ்சம் கோணினாத்தான் அந்தக் காலம்."

"கோணுமா? என் கையா?" என்று செய்யதுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் கையாலேயே எழுதினார். கோணவில்லை. அதற்காக இரண்டு நாள் வருத்தப்பட்டார். எங்களுக்கு அவ்வளவு குஷி.

கடைசியாக பானட்டின் பக்கத் தகடுகள். நீள்சதுரமாக இரண்டு, இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. படத்தில் அந்த இடத்தில் வரிசையாகச் செவுள் தெரிந்தது. நகல் மங்கல், வரிசை தெரிந்ததே தவிர வாய் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எனக்கு அது தெரிய வேண்டிய அவசியமே தோன்றவில்லை. செவுள்தானே! அச்சை எடுத்தேன், பக்கத்துக்கு இருபத்திநாலு, ஒரே நாளில் தட்டி முடித்தேன். ஒவ்வொரு தகட்டிலும் கீழே பின் மூலையில் இரண்டு ஓட்டை போட்டு, தகட்டைப் பூட்டுகிற கொக்கியை மாட்டினேன். தூரத்தில் நின்று பார்த்தபோது எனக்கே கண்ணில் நீர் வந்தது. வாழ்நாளில் நான் செய்ததிலேயே அழகான வரிசை அதுதான்.

மறுநாள், அது திங்கட்கிழமை, செய்யது பெயிண்ட் அடிக்க வந்தார். தூரிகையை நனைத்தவர் அப்படியே நின்றார்.

"ஏன் வே, கருவாட்டு வண்டி மாதிரி முன்னால பாத்துல்லா இருக்கு?"

"அதுக்கென்ன?"

"கருவாட்டுக்குக் காத்து உள்ள போணும். இங்கன உள்ள இஞ்சின்லா இருக்கு. முன்னால ரேடியேட்டர் வழியாவும் காத்து வருது. சூடு எதுவழியா வே வெளிய போவும்?"

அவர் சொன்னது அத்தனையும் சரி. செவுளின் வாய் பின்னால் பார்த்திருந்தால், ஓடுகிற வேகத்தில் வெளிக்காற்று உள்ளே இருக்கிற சூட்டை இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்தக் காலத்து ஆட்கள் அழகுக்காக அதை வெட்டவில்லை. நான் அழகுக்காக வெட்டியிருக்கிறேன், அதுவும் தலைகீழாக.

இப்போது நிலைமையைச் சொல்கிறேன், கவனியுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உப்பளங்களுக்குப் பக்கத்தில் தனியார் நிலத்திலிருக்கிற ஒரு நீளமான நேர்ச்சாலையில், இப்படி வீட்டிலேயே கட்டிய பழைய மாடல் பந்தய வண்டிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிற கூட்டம். எங்கெங்கேயோ இருந்து வண்டிகள் வருகின்றன. ரோசலின் பேர் கொடுத்துவிட்டாள். அதை அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கப்பலேறப் புறப்பட வேண்டும். அந்த ஒரு ஞாயிறு போனால், மூன்று லீவு உழைத்த வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட இன்னும் ஒன்பது மாதம் ஆகும்.

நாற்பத்தெட்டுச் செவுளையும் தட்டிச் சமமாக்கித் திருப்பித் தட்டினால் தகடு கிழிந்துவிடும். புதுத் தகடு வாங்கி முதலிலிருந்து செய்ய நாள் இல்லை. இதையெல்லாம் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கும்போதே அவள் உள்ளே வந்துவிட்டாள். தகட்டை விரலால் தடவிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எம்மாடி, என்ன அழகு அண்ணாச்சி! ஆனா இது... முன்னாலயா தொறந்திருக்கும்? நான் பின்னாலன்னுல்லா நெனச்சேன்."

அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்பது வருஷப் பேர், கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுகிறவன் என்கிற பெருமை, எல்லாம் சேர்ந்து குறுக்கே வந்து நின்றது.

"அந்தக் காலத்துல அப்பிடியும் உண்டும்மா" என்றேன்.

"அப்பிடியா? நீங்க சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் கொக்கியைத் திறந்து மூடிப் பார்க்கப் போய்விட்டாள். செய்யது என்னைப் பார்த்தார். பிறகு பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார்.

தம்பிகளே, தங்கச்சி நீயும் கேள். பழைய காலம் மாதிரி வேலை செய்கிறவனுக்கு இது பெரிய வசதி. அந்தக் காலத்து ஆள் யாரும் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. எந்தத் தப்பையும் அவர்கள் தலையில் கட்டிவிடலாம். நான் கட்டினேன். நாலு நாள் சோறு இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைச் சோதித்துப் பார்க்க அந்தச் சாலைக்கே லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். அந்த இஞ்சின் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! உப்பள வேலைக்காரர்கள் வரப்பில் நின்று கைதட்டினார்கள். ஒரு தடவை போய்த் திரும்பினாள். இரண்டாவது தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டாள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தால் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, முன்னால் ஆவி வருகிறது.

ஆற வைத்து மறுபடி ஓட்டினாள். மறுபடி அதே கதை. இறங்கி, இஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தண்ணீர் பம்பைத் தொட்டாள், குழாயைத் தொட்டாள். கடைசியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் வேலைலதான் தப்பு அண்ணாச்சி. இஞ்சின்ல ஹெட் கேஸ்கட் சரியா உக்காரல போல. கழட்டணும்."

"கழட்டுனா?"

"கழட்டுனா ஞாயித்துக்கெழமை இல்ல." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "கப்பல்ல இம்மாம் பெரிய இஞ்சினைப் பாக்குதேன். வீட்டுல இத்தனூண்டு இஞ்சினைக் கோக்கத் தெரியல பாத்தியளா. வர முடியாதுன்னு சொல்லிருதேன்." போனை எடுத்தாள். இன்னொரு கையில் ஸ்பேனர்.

மூன்று லீவு. அவ்வளவு சுத்தமான வேலை. அதில் குற்றம் என்று அவளே தீர்ப்புச் சொல்லி, அவளே பிரிக்கப் போகிறாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. செய்யது என் முதுகுக்குப் பின்னால் லேசாகத் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, போனை வையி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "போனை வையி. இஞ்சின்ல ஒரு தப்பும் இல்ல. செவுளைத்தான் நான் திருப்பி வெட்டிட்டேன். கருவாட்டு வண்டி பழக்கம். சூடு வெளிய போவ வழியில்ல. திங்கக்கெழமையே எனக்குத் தெரியும்."

"அந்தக் காலத்துல உண்டுன்னு சொன்னியள?"

"பொய் சொன்னேன்."

எழுந்து நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செவுளுன்னு நீங்கதான அண்ணாச்சி பேரு வச்சிய. மீனுக்குச் செவுள் எந்தப் பக்கம் தொறக்கு?"

பின்பக்கம். கடலோரத்தில் பிறந்து, தினமும் மீன் தின்று, அறுபது வயதுக்குமேல் ஆகியும் எனக்கு அது தோன்றவில்லை. செய்யது அடக்க முடியாமல் "யா அல்லா" என்று சிரித்துவிட்டார்.

"ரெண்டு தகட்டையும் கழட்டித் தூரப் போட்டுருதேன்மா. பானட்டு பக்கம் தொறந்தே ஓடட்டும். பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா ஓடும்" என்றேன். கீலைக் கழற்றி இடது தகட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தாள். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். அங்கே இருந்த தகட்டின்மேல் இதை வைத்துக் காட்டினாள்.

"அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். வலது பக்கத்தில் வைத்ததும் தகட்டின் முன்முனை பின்முனை ஆகிவிட்டது. இருபத்திநாலு செவுளும் பின்னால் பார்த்துத் திறந்திருந்தன. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டினால் தீர்ந்தது! தகடு நீள்சதுரம், கீலின் துளைகளும் சம இடைவெளி. நாலு நாள் சோறு தின்னாமல் நான் சுமந்த பாரத்தை இறக்க அவளுக்கு அரை நிமிஷம்தான் ஆயிற்று. திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் திங்கட்கிழமையே முடிந்திருக்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அழுதேன் என்றுதான் செய்யது இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லுகிறார்.

ஒரே ஒரு சிக்கல். பின் மூலையில் இருந்த கொக்கி இப்போது முன் மூலைக்குப் போய்விட்டது. அங்கே அது எதையும் பிடிக்காது. கழற்றி, பின் மூலையில் புதிதாகத் துளை போட்டு மாட்டினேன். முன் மூலையில் பழைய துளைகள் பக்கத்துக்கு இரண்டாக நின்றன.

"அடைச்சு பெயிண்ட் அடிச்சிருதேன்மா, நாளைக்குள்ள காஞ்சிரும்."

"வேண்டாம், அங்கனயே இருக்கட்டும்" என்றாள். "நீங்க பாக்கணும்லா."

சுருக்கென்று இருந்தது. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், இருந்தாலும் சுருக்கென்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு நீங்கள் வேலை பார்த்த மாதிரிதான். பன்னிரண்டு வண்டிகள். பச்சை, நீலம், ஒன்று வெறும் அலுமினியத் தகடாகப் பளபளவென்று. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தலைக்குத் தோல் தொப்பியெல்லாம் போட்டு வந்திருந்தார். வண்டிகளின் தோற்றத்தைச் சோதிக்கிற பெரியவர் எங்கள் வண்டியைக் குனிந்து நிமிர்ந்து பார்த்தார். ஸ்டார் ஸ்க்ரூ தேடினார், கிடைக்கவில்லை! செய்யது எழுதிய ஏழாம் எண்ணைப் பார்த்து, இயந்திரத்தில் வெட்டி ஒட்டியதா என்று கேட்டார். செய்யதுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பெரியவர் செவுள் வரிசையைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அந்த முன் மூலை ஓட்டைகளை வெகு நேரம் உற்றுப் பார்த்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், கிட்டத்தில் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

ரோசலின் புறப்பட்டாள். முதல் தடவை. நான் சாலையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். சத்தம் தூரமாகப் போனது, திரும்பி வந்தது. இரண்டாவது தடவை. வெள்ளிக்கிழமை நின்ற அதே இடத்தைத் தாண்டியது, நிற்கவில்லை! மூன்றாவது தடவை எங்களைக் கடக்கும்போது அவள் ஒரு கையைத் தூக்கி, பெருவிரலால் சூட்டு முள்ளைக் காட்டிவிட்டுப் போனாள். முள் நட்டநடுவில் நிற்கிறது என்று அர்த்தம். நானும் செய்யதும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தோம். இரண்டு கிழவன்கள், உப்பு வரப்பில். என் செருப்பு ஒன்று பாத்திக்குள் போய்விட்டது. நேரக் கணக்கில் அவள் நாலாவதாக வந்தாள். இறங்கியதும் அவள் முதலில் செய்தது, பானட்டைத் தொட்டுப் பார்த்து, "சூடு வெளிய வருது அண்ணாச்சி, கையை வச்சுப் பாருங்க" என்று என் கையைப் பிடித்துச் செவுளுக்குப் பின்னால் வைத்தது. வெந்நீர்ப் பானை ஆவி மாதிரி அடித்தது. சந்தோஷத்தில் கையை எடுக்கவே மனம் வரவில்லை. அப்போது எடுத்ததுதான் சுவரிலிருக்கிற படம். செவ்வாய்க்கிழமை அவள் கப்பலுக்குப் போய்விட்டாள்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அந்தப் பெரியவர் எடுத்த போட்டோ போன் போனாக ஊர் சுற்றியிருக்கிறது, எனக்குத் தெரியாது. நேற்று நீங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஏரலிலிருந்து ஒரு தம்பி வந்தான். அப்பாவுக்கு அங்கே பாத்திரக்கடை. பையனுக்கு இந்தப் பந்தய வண்டிக் கிறுக்கு. உங்கள் மேஸ்திரி பாடிக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார், அடுத்த வாரம் நீங்கள்தான் செய்யப் போகிறீர்கள். அவன் போனில் படத்தை விரித்துக் காட்டினான். விரலால் சரியாக எந்த இடத்தைப் பெரிதாக்கினான் தெரியுமா?

"அண்ணாச்சி, இந்த நாலு ஓட்டையும் மறக்காமப் போட்டுருங்க. அந்தக் காலத்துப் பந்தய வண்டில காத்துக்கு வச்சிருப்பாங்களாம்லா? இப்ப மூணு பேரு வண்டில போட்டுட்டாங்க. இது இல்லன்னா ஒரிஜினலா தெரியாதாம்."

மூன்று பேர்! எனக்குள்ளே பொங்கி வந்த சிரிப்பை எப்படி அடக்கினேன் என்று கேட்காதீர்கள். அடக்கியதும் இன்னொன்று வந்தது. ஆமாம் தம்பி, அந்தக் காலத்தில் உண்டு என்கிற அதே வாக்கியம், நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. சொன்னால் அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் கௌரவம், யாருக்கும் நஷ்டமில்லை. எத்தனை வயதானாலும் அது போகாது போலிருக்கிறது.

"தம்பி, அது காத்துக்கும் இல்ல, ஒண்ணுக்கும் இல்ல" என்றேன். "அது நான் பண்ணுன தப்பு. உமக்கும் ஓட்டை வேணும்னா, நீரே ஒரு தப்புப் பண்ணி, நீரே போட்டுக்கிடும்."